பெயர் எடுத்தவன்

பாந்த்ரா கோட்டையில் இரவுக் காவல் எனக்கு.
ஜோடிகளை விரட்டிக் கதவைப் பூட்டிவிட்டால்
பிறகு கடல், பாலத்து விளக்குகள், நான்.
கம்பெனி கொடுத்த சட்டையில் குத்தியிருப்பது
எனக்கு முன்னால் இருந்தவன் பெயர்.
மாற்றித் தரட்டுமா என்றார் சூப்பர்வைசர்.
வேண்டாம் என்றேன்.

பறங்கியர் இந்தக் கல்லை அடுக்கிய காலத்தில்
புன்னைக்காயலிலிருந்து
பீரங்கிக்கு மருந்திடிக்க வந்தவன் நான்.
கோலிகள், காப்பிரிகள், ஒரு மலாக்காக்காரன்,
மொத்தம் நாற்பது பேர்.
தலைவன் மட்டும் ஜப்பான்,
எஜமானைப் போரில் தொலைத்துவிட்டு
மக்காவ் கப்பலில் வந்த சாமுராய்.
இசோகை என்றார்கள்.
எங்கள் வாயில் அது சோகை ஆயிற்று,
ரத்தமில்லாதவன். பொருத்தம்தான்.

கொட்டும் மழையிலும் முதுகு வளையாமல்
பாறைமேல் உட்கார்ந்து சோறு தின்பான்.
நாங்கள் சிந்திய பருக்கையை எண்ணுவான்.
காவலில் கண்ணயர்ந்த பெத்ருவை
பீரங்கிக் குண்டைச் சுமந்தபடி
விடியும்வரை நிற்க வைத்தான்.
எதிரே தானும் ஒரு குண்டைச் சுமந்து நின்றான்.
அதைத்தான் எங்களால் மன்னிக்க முடியவில்லை.

அந்த மழைக்காலத்தில்
கடல் கூப்பிடத் தொடங்கியது.
அமாவாசை, ஏற்றம் நிற்கும் நேரம்,
மித்தி ஆறு கடலில் விழும் பக்கமிருந்து
தெரிந்த குரலில், பெயர் சொல்லி.
என்ன என்று கேட்டவன்
எழுந்து செருப்பைக் கழற்றி வைப்பான்.
இடுப்பளவு, மார்பளவு, அவ்வளவுதான்.
மூன்று அமாவாசையில்
இருபத்துமூன்று பேர் ஆனோம்.

நாலாவதற்கு முந்தைய நாள்
வரிசையில் நிறுத்திப் பெயர் கேட்டான்.
தொம்மை என்றேன்.
தொம்மாய் என்றான்.
திருத்தினேன். அறைந்தான்.
மறுபடி சொல்லச் சொன்னான். மறுபடி.
வெயில் சாயும்வரை ஒவ்வொருவனையும்.
மரச்சீவலில் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு,
இன்றுமுதல் உங்களுக்குப் பெயரில்லை,
சொல்லிப் பார்க்கிறவனுக்கு நாக்கிருக்காது என்றான்.
இருட்டில் அவனைச் சபித்தோம்.
சபிக்கவும் அவன் பெயரில் பாதிதான்
எங்களிடம் இருந்தது.

கடல் முதலில் பெத்ருவைக் கூப்பிட்டது.
வாயில் துணி திணித்துப் படுத்திருந்தோம்.
கீழே பாறையில் ஒருவன் சொன்னான்:
பெத்ரு. ஹை.
அவன் பாஷையில்
ஆமாம், இதோ, இருக்கிறேன்
எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான்.

கைவிளக்கோடு எட்டிப் பார்த்தோம்.
வாள் இரண்டும் கரையில்.
ஒரு பெயருக்கு ஓர் அடி.
முழங்கால். தொடை.
பதினெட்டாவதில் தோள்.
அப்போது என் அக்கா குரலில் வந்தது என் பெயர்.
எழுந்துவிட்டேன், சத்தியமாக எழுந்துவிட்டேன்.
அதற்குள்
தொம்மை. ஹை.
அந்த மை பிசகவே இல்லை.

கடைசிப் பெயருக்குக்
குமிழிதான் பதில் சொன்னது.
கடலுக்கு அது போதுமாயிருந்தது.

கிழவன் ஆனேன். சாவு வந்தது, ஏட்டைப் புரட்டியது.
தொம்மை, புன்னைக்காயல்:
இவன்தான் அப்போதே வந்துவிட்டானே
என்று மூடிக்கொண்டு போயிற்று.
பிறகு எட்டிப் பார்க்கவேயில்லை.
பெத்ரு மாஹிமில் வடை போடுகிறான்.
மலாக்காக்காரனை தாதர் கூட்டத்தில்
ஒருதடவை கண்டேன்,
ரயில் எடுத்துவிட்டது.
யாரிடமும் ஆதார் கிடையாது.

அமாவாசைதோறும்
நான் மட்டும் கடலைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.
இசோகை என்றால் பதிலில்லை.
அது அவன் வீட்டுப் பெயராம்.
எங்கள் பெயரையெல்லாம் எடுத்தவன்
தன் பெயரைக் கொடுக்காமலே போய்விட்டான்.
வாய்க்கு வந்த ஜப்பான் பெயர்களைக் கத்தி
மீன்பிடிக்கிறவர்களிடம் திட்டு வாங்கினேன்.

போனமுறை பொறுக்கமாட்டாமல்
டேய் சோகை என்றேன்.

ஓர் அலை நின்றது.
விழாமல், முதுகு வளையாமல்,
ஒரு மூச்சு நேரம்.

என்னை அறியாமல் செருப்பைக் கழற்றியிருந்தேன்.
மறுபடி மாட்டிக்கொண்டேன்.
ஆறு மணிக்குக் கதவைத் திறக்கவேண்டும்,
தாமதமானால் அவனுக்குப் பிடிக்காது.